ஈக்கு மாப்பிள்ளை

ஐம்பத்து நான்கு வயதுவரை தனக்கு ஒரு மாப்பிள்ளை அமையாதவள், ஓர் ஈக்கு மாப்பிள்ளை தேடி ஊரெல்லாம் அலைந்தாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும்தான் சிரித்தார்கள். முதல் நாள் அவளுமே சிரித்தாள். இரண்டாவது வாரம்தான் அந்தச் சிரிப்பு அவளிடம் நின்றது.

எல்லோருக்கும் அவள் ஈ அக்காதான். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருக்கிறது. கூப்பிட ஆளில்லாமல் அது அங்கேயே கிடக்கிறது. கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் கடைசிக் கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே நீளமாக ஓர் அறை. இரண்டு பக்கமும் இரும்பு அலமாரி, ஒரு கழுவுதொட்டி, ஒரு பழைய ஃபிரிட்ஜ், ஓர் உயரமான முக்காலி. பத்தொன்பது வருஷமாக அதுதான் அவள் உலகம்.

ஈ என்றதும் உங்கள் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றும் அந்தக் கழிசடையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வேறு. பழுப்பு கலந்த மஞ்சள் நிறம், ஓர் அரிசி நீளம், சிறகில் வலை பின்னியதுபோல் கோடுகள். புல்தண்டில் எப்போதும் தலைகீழாகத்தான் உட்காரும். வளர்ந்த ஈ பரம சாது. அதன் பிள்ளைகள்தான் பொல்லாதவை. முட்டையிலிருந்து வரும் புழு தண்ணீரில் நத்தையைத் தேடிப் போய், ஓட்டின் வாசல் வழியாக உள்ளே நுழைந்து, வீட்டுக்காரனையே தின்று தீர்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடும். கூடாக மாறுவதற்குள் ஒரு புழு பத்துப் பன்னிரண்டு நத்தைகளைக் காலி செய்யும். அந்த நத்தைகள்தான் ஆடுகளுக்கு ஈரல் புழு நோயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை. நத்தை குறைந்தால் நோய் குறையும், தண்ணீரில் மருந்து கொட்ட வேண்டாம். விஷயம் இவ்வளவுதான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு விஞ்ஞானி இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க மூன்று வருஷம் வலையோடு திரிந்து, இந்த ஈ இங்கே ஒன்றுகூட இல்லை என்று முடிவுகட்டி, கடல் கடந்து போய் நாற்பது கூடுகளை ஒரு பெட்டியில் கொண்டுவந்தார். வெளியில் விட அனுமதி கேட்டு ஒரு கோப்பும் போட்டார். கோப்பு மேசை மேசையாகப் போனது. அவர் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனார். கோப்பு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அனுமதி வரும்வரை அந்த ஈயின் வம்சம் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்கிற வேலை இவள் தலையில் விழுந்தது.

காலை ஏழரைக்கு வாளியோடு வாய்க்காலுக்குப் போய் நத்தை பொறுக்கி வருவாள். ஈரப் பஞ்சு விரித்த சின்னச் சின்னக் கண்ணாடித் தட்டு ஒவ்வொன்றிலும் ஒரு புழு. புழுவின் வளர்த்திக்குத் தக்க நத்தையாகப் பார்த்து எடுத்து வைப்பாள். தண்ணீரில் மிதக்கும் கூடுகளை டீ வடிகட்டியால் அள்ளுவாள். சாயங்காலம் தட்டுகளையெல்லாம் கழுவித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவாள். புழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, அதனால் அவளுக்கும் தெரியாது. வேலைக்கு நடுவில் பேச்சு வேறு. "என்னடி, நேத்து வச்சத இன்னும் தொடல? வாய்க்கு ருசியா கேக்குதா உனக்கு?" வெளியே நடந்து போகிறவர்கள் உள்ளே யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

வீட்டில் பேச்சில்லை. ஒற்றை அறை. இரண்டு நாற்காலி. ஒன்றில் அவள் உட்காருவாள், இன்னொன்றில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும். பஸ்ஸில் ஒன்பது மணி நேரத் தூரத்தில் தங்கச்சி இருந்தாள், அவ்வளவுதான் சொந்தம். தங்கச்சிக்குக் கடைசிப் பிரசவம், ஒரு கால் எலும்பு முறிவு, புது வீடு குடிபோனது, மூத்தவளின் கல்யாணம், எதற்கும் இவள் போகவில்லை. "நான் வந்துட்டா இதுங்க பட்டினியா கிடக்கும்டி" என்பாள். முதலில் தங்கச்சி சண்டை போட்டாள். அப்புறம், "வரமாட்டேன்னு தெரியும், சும்மா காதுல போட்டு வைக்கிறேன்" என்றாள். அப்புறம் காதில் போடுவதையும் விட்டுவிட்டாள்.

கடைசியில் தங்கச்சி வீட்டுக்காரர் திடீரென்று இறந்துபோனபோதுதான் இவள் கிளம்பினாள். அதற்கும் போகாமல் இருந்தால் மனுஷியா? நான்கு நாள் லீவு போட்டாள். புழுக்களைப் பார்த்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. நிலையத்து டிரைவர் மட்டும், "நான் பாத்துக்கறேன் அக்கா, நீங்க கவலப்படாம போயிட்டு வாங்க" என்றார். தங்கமான மனுஷர். பஞ்சை எப்படி நனைப்பது, தட்டை எப்படித் திறப்பது, எந்தப் புழுவுக்கு எவ்வளவு பெரிய நத்தை என்று அவருக்கு ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தாள்.

ஒன்று விட்டுப்போயிற்று. நத்தைகளில் வாசலுக்கு மூடி உள்ளவை உண்டு, மூடி இல்லாதவை உண்டு. மூடியுள்ளது ஆபத்து என்றால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். புழுவால் நுழையவே முடியாது. இவள் கை அவற்றைத் தானாக ஒதுக்கிவிடும். பத்தொன்பது வருஷமாக இன்னொரு ஆளுக்கு அதைச் சொல்லவேண்டிய அவசியமே வந்ததில்லை, அதனால் அது சொல்லவேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

டிரைவர் வாய்க்காலில் கிடந்த வற்றல் நத்தைகளைப் பார்த்து முகம் சுளித்தார். அக்கா பிள்ளைகளுக்கு இதையா போடுவது என்று, இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஏரிக்குப் போய், பளபளவென்று இருந்த நத்தைகளாகத் தேடிப் பொறுக்கி வந்தார். அத்தனையும் மூடி போட்டவை. அந்தச் சமயம் வளர்ந்த ஈக்கள் முட்டையிட்டு முடித்து, ஆயுசு முடிந்து போயிருந்தன. வம்சம் மொத்தமும் புழுவாகத் தட்டுகளில் இருந்த நேரம். நூற்று அறுபது தட்டு. அவள் திரும்பி வந்து முதல் தட்டைத் திறந்தாள். சாத்திய கதவுக்கு வெளியே புழு சுருண்டு கிடந்தது. இரண்டாவதும் அப்படி. பத்தாவது தட்டுக்கு மேல் திறக்க அவளுக்குக் கை வரவில்லை, இருந்தும் நூற்று அறுபதையும் திறந்து பார்த்தாள், ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"நல்லா கொழுகொழுன்னு பாத்துத்தானே அக்கா பொறுக்குனேன்" என்றார் டிரைவர், கதவோரம் நின்றபடி. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த மனுஷருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஃபிரிட்ஜில், அவசரத்துக்கு என்று எடுத்து வைத்த ஒன்பது கூடுகள் இருந்தன. வெளியே எடுத்து ஈரப் பாசியில் வைத்தாள். ஆறு திறக்கவே இல்லை. மூன்று திறந்தன. மூன்றும் பெண். அதில் இரண்டு ஒரு வாரத்துக்குள் செத்துப்போயின. ஆக, மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெண் ஈ.

புது அதிகாரி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல மனுஷர்தான், ஆனால் எதையும் நின்று பார்க்க நேரம் இல்லாதவர். டிரைவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். அறைக்கு வந்து கண்ணாடி ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது ஒண்ணுதான் பாக்கியா?"

"ஆமா சார்."

"ஒண்ண வச்சுக்கிட்டு என்ன பண்றதும்மா? எனக்கும் தடுப்பூசிப் பெட்டிங்க வைக்க இடம் வேணும். மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள பெருகுச்சுன்னா சரி. இல்லைன்னா கழுவித் துடைச்சு சாவியக் குடுத்துருங்க. உங்களுக்கு தபால் பிரிவுல ஒரு மேசை போட்டுத் தரேன்."

மாசக் கடைசிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. அந்த ஈக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆயுசு. அதற்குள் ஓர் ஆண் ஈ கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அறை போகும். அறை போனால் காலையில் எழுந்திருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. பச்சையாகச் சொன்னால் அதுதான் விஷயம். தபால் பிரிவில் மேசை இருக்கும், சரி. மேசை யாருக்காகவாவது பசியோடு காத்திருக்குமா?

ஓய்வு பெற்ற விஞ்ஞானிக்குப் போன் போட்டாள். "எதுக்கும்மா வெயில்ல அலையப் போற? மூணு வருஷம் நான் தேடாத குட்டையா? இங்க கிடையாது. விட்டுத் தள்ளு" என்றார் அவர். விட்டுத் தள்ள அவளால் முடியவில்லை. நான்கு மணிக்கு வேலை முடிந்ததும் வலையும் நாலைந்து கண்ணாடிக் குப்பியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். தண்ணீர் ஆழமில்லாமல், புல் அடர்ந்து, மூடியில்லாத நத்தை உள்ள இடம் எங்கே எங்கே என்று விசாரித்துக்கொண்டு போவாள்.

கேன்டீன்காரர் சும்மா இருப்பாரா? "என்னக்கா, மாப்பிள்ள ஏதாவது அமைஞ்சுதா? சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?"

"சம்பளம் எல்லாம் வேண்டாம்ப்பா. குடிக்காம, ஒழுங்கா ரெண்டு சிறகோட வந்தா போதும்."

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முதல் இரண்டு நாள் டிரைவரும் கூட வந்தார். அப்புறம் விசாரணை, கடிதம் என்று அவரை அலைக்கழித்ததில் அவரால் வர முடியவில்லை. அவள் தனியாகப் போனாள். செங்கல் சூளைப் பள்ளம், ரயில் பாதையோரக் குட்டை, துணி வெளுக்கிற இடம், பாதி மூடிய கால்வாய். கொசு பிடுங்கியது. செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று. கண்ணில் பட்டதெல்லாம் சாதாரண ஈ. திரும்பி வந்து ஜாடிக்குள் பார்த்து, "இன்னிக்கும் இல்லடி. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்பாள். ஜாடிக்குள் ஈ புல்தண்டில் தலைகீழாக உட்கார்ந்து முன்னங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும். போகப் போக அதன் நடை தளர்ந்தது. சிறகின் ஓரம் கிழிந்தது. பதினேழாம் நாள் அது தண்டிலிருந்து ஒருமுறை வழுக்கி விழுந்தபோது அவள் இன்னொரு புல்தண்டை நீட்டி அதை மெல்ல ஏற்றிவிட்டாள்.

பதினெட்டாம் நாள் வெறுங்கையோடு திரும்பியபோது நிலையத்தின் முன்வாசல் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றுச்சுவரை ஒட்டிப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார்கள். பத்தொன்பது வருஷத்தில் அந்தச் சந்துப் பக்கம் அவள் போனதே இல்லை. அவள் வீடும் அங்கே இல்லை, பஸ்ஸும் அங்கே இல்லை, பிறகு எதற்குப் போவாள்? பாதி வழியில், சுவரிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு நீளமான ஓடை, இரண்டு பக்கமும் முழங்கால் உயரப் புல். அவள் அறைக் கழுவுதொட்டியின் குழாய்தான் அது.

புல்தண்டில் ஓர் ஈ தலைகீழாக உட்கார்ந்திருந்தது.

அவள் வலையைக் கீழே போட்டாள். குனிந்து பார்த்தாள். சிறகில் வலைக்கோடு. பக்கத்துத் தண்டில் இன்னொன்று. அதற்கடுத்து இரண்டு. கையால் புல்லை மெல்ல விலக்கினாள். குபுகுபுவென்று கிளம்பி மறுபடி உட்கார்ந்தன, அத்தனையும் தலைகீழாக. நூறு இருக்கும், இருநூறு இருக்கும். ஓடைக்கரையில் வெறும் நத்தை ஓடுகள் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தாள், மூடி இல்லாத ஜாதி.

எதிர்ப்புறம் ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இங்க நத்தை உண்டா?" என்று சத்தம் போட்டுக் கேட்டாள்.

"முன்னல்லாம் கால் வைக்க முடியாதும்மா, அப்பிக்கிட்டு கிடக்கும். நாலஞ்சு வருஷமா தேடினா ஒண்ணு ரெண்டு கிடைக்கும், அவ்வளவுதான். ஆடும் இப்பல்லாம் சாகறதில்ல. ஏன், என்ன விஷயம்?"

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கழுவிய தண்ணீரில் கொதிநீர் கலந்துதான் வெளியே விடவேண்டும் என்பது விஞ்ஞானி போட்ட சட்டம். கொதிநீர் பாய்லர் கெட்டு ஆறு வருஷம் ஆயிற்று. சரிசெய்யச் சொல்லி நான்கு முறை எழுதிக்கொடுத்தாள், எவனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் பச்சைத் தண்ணீர்தான். வடிகட்டியில் சிக்காத கூடுகள் குழாய் வழியாகப் போயிருக்கின்றன. அனுமதிக் கோப்பு மேசை மேசையாகப் போன காலத்தில், ஈ யாரையும் கேட்காமல் குடித்தனம் போட்டுவிட்டது.

முதலில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஊரெல்லாம் மாப்பிள்ளை தேடினாளே, முதுகுக்குப் பின்னால் இருநூறு மாப்பிள்ளைகள்! பிறகு கரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகை என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆறு வருஷமாக இவை அவள் கையால் ஒரு நத்தைகூட வாங்கித் தின்னாமல் வயிறார வாழ்ந்திருக்கின்றன. இவை பட்டினி கிடக்கும் என்றுதானே அவள் எங்கேயும் போகாமல் கிடந்தாள்? தங்கச்சி மகளின் கழுத்தில் மாலை ஏறியபோது அவள் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பஞ்சு நனைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் ஈக்கள் அவளைத் தேடவே இல்லை.

ஆனாலும் கை வேலையை மறக்குமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு வலையை வீசினாள். வயிற்று நுனி மழுங்கிய ஓர் ஆண், வாட்டசாட்டமானது, குப்பிக்குள் வந்தது. மறுநாள் காலை அதை ஜாடிக்குள் விட்டாள். மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்து யோசிக்கவே இல்லை. கிழிந்த சிறகு அவனுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. மூன்றாம் நாள் புல்தண்டில் வெள்ளையாக வரிசை கட்டி முட்டைகள். எண்ணிப் பார்த்தாள், முப்பத்தெட்டு.

இனி யோசிக்க வேண்டியது ஒன்றுதான். ஓடை விஷயத்தை வெளியில் சொன்னால், ஈதான் வெளியிலேயே பெருகிவிட்டதே, அறை எதற்கு என்பார்கள். சொல்லாமல், திறக்காத கூடு ஒன்று தாமதமாகத் திறந்தது, அது ஆண் என்று சொன்னால் யார் குறுக்குக் கேள்வி கேட்கப் போகிறார்கள்? அறை நிலைக்கும். தட்டு நிலைக்கும். காலை ஏழரை நிலைக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டிருப்பதில் அவளுக்கு இல்லாத அனுபவமா?

ஆனால் பாருங்கள், கெட்ட செய்தியைத் தனியாக வைத்துக்கொள்ள அவளுக்குப் பழக்கம் இருந்தது. நல்ல செய்தியை வைத்துக்கொள்ளப் பழக்கமில்லை. அது உள்ளே நின்று குடைந்தது. ஒரு ஆளிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல இருந்தது. மத்தியானம் தங்கச்சிக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" தங்கச்சி பதறினாள்.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன். ஒரு விஷயம்டி, கேட்டா சிரிப்ப..."

"அக்கா, வக்கீல் வந்திருக்காரு, எங்க வீட்டுக்காரர் பேங்க் கணக்கு விஷயமா. அப்புறம் கூப்பிடட்டுமா?"

"சரிடி, சரி, நீ பாரு."

தங்கச்சி அப்புறம் கூப்பிடவில்லை. நாலு மணிக்கு டிரைவர் அறை வாசலில் வந்து நின்றார், கையில் இரண்டு டம்ளர் டீ. ஆள் பாதியாக இளைத்திருந்தார். "திங்கக்கிழமை விசாரணை அக்கா. திருப்பிக் கிடைக்காத பொருள அழிச்சிட்டேன்னு எழுதியிருக்காங்க. எழுதினது சரிதானே" என்றார். ஒரு டம்ளரை அவளிடம் நீட்டினார்.

அவள் டீயை வாங்கினாள். வாங்கின நிமிஷம் வாய் திறந்துகொண்டது. "அழியல. உக்காருங்க, சொல்றேன்" என்றாள். குழாய், ஓடை, இருநூறு ஈ, ஆட்டுக்காரர், முப்பத்தெட்டு முட்டை, எல்லாவற்றையும் கொட்டினாள். கை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். ஈக்கள் குபுகுபுவென்று கிளம்பியதை எழுந்து நின்று நடித்துக் காட்டினாள். அந்த அறையில் பதில் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் அவள் இவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். டிரைவர் வாயைப் பிளந்தபடி கேட்டார். கேட்டு முடித்ததும் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, "தெய்வமே!" என்று ஓடினார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்ல அவள் எழுந்தபோது அவர் வராந்தா முனையைத் தாண்டியிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அந்த மனுஷர் அப்படி ஓடி அவள் பார்த்ததே இல்லை.

அரை மணி நேரத்தில் அதிகாரி, அலுவலர்கள், கேன்டீன்காரர் என்று மொத்த நிலையமும் ஓடைக்கரையில் நின்றது. அதிகாரி பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கிப் படம் எடுத்தார். ஓய்வு பெற்ற விஞ்ஞானிக்குப் போன் போய், அவர் அந்தப் பக்கம் அழுதது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. டிரைவருக்குக் கொடுத்த கடிதத்தை அவரிடமிருந்தே வாங்கி அங்கேயே கிழித்துப் போட்டார் அதிகாரி. டிரைவர் இவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அது அவளுக்கு உண்மையிலேயே நிறைவாக இருந்தது. அந்த நிறைவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

"நீங்க ஜெயிச்சிட்டீங்கம்மா!" என்றார் அதிகாரி, சேற்றிலிருந்து ஏறி வந்து. "பத்தொன்பது வருஷ வேலை முடிஞ்சுது. இனிமே அதுங்களே பாத்துக்கும். அறைய நாளைக்கே ஒழிச்சுரலாம், நீங்க கை வைக்க வேணாம், ஆளுங்க செய்வாங்க. உங்க லீவு எவ்வளவு சேந்து கிடக்கு தெரியுமா? இன்னிக்குத்தான் பாத்தேன். பத்து மாசத்துக்கு மேல இருக்கு! எடுத்துக்கங்க. தபால் பிரிவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நாளையிலேருந்து எங்கயாவது போயி நல்லா இருந்துட்டு வாங்க."

"எங்க சார் போறது?" என்று கேட்டாள் அவள்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். கேன்டீன்காரர் சிரித்தார், சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்குக் குறும்பு போகவே போகாது என்று யாரோ சொன்னார்கள். அவள் அதிகாரியின் முகத்தையே பார்த்தபடி, பதில் வரும் என்று நின்றுகொண்டிருந்தாள்.